கொடி முந்தினால்

பனிக்குடம் உடைந்ததும் குழந்தையின் தலைக்கு முன்பாகத் தொப்புள்கொடி கருப்பை வாயைத் தாண்டி இறங்கிவிடுவதே கொடி முந்துதல். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று முதல் ஆறு வரை இப்படி நேரலாம். ஏறக்குறைய 50 முதல் 60 செ.மீ. நீளமுள்ள கொடிக்குள் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் ஓடுகின்றன. சுற்றிலும் வழுவழுப்பான கூழ் காப்பாக இருந்தாலும், தாயின் இடுப்பெலும்புக்கும் பிள்ளையின் தலைக்கும் நடுவே சிக்கி நசுங்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். வெளியே வந்த கொடி குளிர்ந்தாலோ, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாலோ ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். பிள்ளை குறுக்கே கிடந்தாலும், கால் முந்தினாலும், குறைமாதமானாலும், பனிநீர் மிகுந்திருந்தாலும் ஆபத்து கூடும்.

ஊர் பயப்படுவதோ வேறொன்றுக்கு. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று, அவரை எண்ணெயில் பிள்ளையின் முகம் பார்க்கச் சொல்வார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது. பெரும்பாலும் விரலால் தளர்த்தித் தலைவழியே கழற்றினால் போதும். மாமனுக்கும் ஒன்றும் ஆவதில்லை.

கொடி முந்தினால் மட்டும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கோலார் தங்கவயல் பக்கத்துப் பூதிகோட்டை போன்ற ஊரிலிருந்து சிசேரியனுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை தாய் முழங்காலை ஊன்றி, மார்பைத் தரையோடு தாழ்த்தி, இடுப்பை உயர்த்தியிருக்க வேண்டும். ஓடும் வண்டியில் அப்படி இருப்பது ஆபத்து. அங்கே இடப்பக்கம் சாய்ந்து படுத்து, இடுப்புக்கடியில் தலையணை வைக்க வேண்டும். கொடியை உள்ளே தள்ளக் கூடாது. நர்ஸ் உடனிருந்தால் கையுறை அணிந்த விரல்களால் பிள்ளையின் தலையைக் கொடியில் அழுந்தாதபடி மேலே தாங்குவார். அறுவை மேசை வரை அந்தக் கையை எடுக்கமாட்டார். வழி நீளமென்றால் சிறுநீர்ப்பையில் குழாய்வழியே அரை லிட்டர் அளவு உப்புநீர் ஏற்றுவதும் உண்டு. நிறைந்த பை தலையை மேலே தூக்கிப் பிடிக்கும்.

பிறந்த பிள்ளை மூச்சுவிடாவிட்டால் முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று செலுத்த வேண்டும். மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைகளின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை பணக்கார நாடுகளில் பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்விலோ, குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தனர். பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று முன்னால் நேரத்தை வீணாக்க இங்கே இடமில்லை.

ஒன்பதாம் மாதத்திலும் பிள்ளை குறுக்கே இருப்பதாக ஸ்கேன் சொன்னால், வலி வரும்வரை ஊரில் காத்திருக்காமல் மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுங்கள்.