சித்தூர் நகராட்சியின் வரவும் செலவும்

தமிழக எல்லைக்கு அருகே, பாலக்காடு மாவட்டத்தில் அமைந்த சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சி, 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டப்படி இயங்குகிறது. கட்டடங்களுக்கான சொத்து வரி, அரையாண்டுதோறும் செலுத்தப்படும் தொழில் வரி, கடைகளுக்கான உரிமக் கட்டணம் ஆகியவை அதன் சொந்த வருவாயாக அமைய, மாநில அரசு ஒதுக்கும் திட்ட நிதியும் அவற்றோடு சேர்கிறது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கமே இந்நிதியைப் பெருமளவில் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. துணைத்தலைவர் தலைமையிலான நிதி நிலைக்குழு, அதாவது வரவு செலவுகளை ஆராயும் உறுப்பினர் குழு, தயாரிக்கும் மதிப்பீட்டை, ஏப்ரல் 1 அன்று தொடங்கும் நிதியாண்டுக்காக நகரமன்றம் விவாதித்து ஏற்கிறது. எந்தத் தெருவுக்குச் சாலை, எங்கே விளக்கு என்ற தேவைகளோ, வார்டின் வாக்காளர் அனைவரும் உறுப்பினராக உள்ள வார்டு சபையில் முன்வைக்கப்படுகின்றன. ஆகவே, வரி செலுத்துவதோடு நில்லாமல், அச்சபையில் பங்கேற்பதும் வாக்காளரின் கடமையாகும்.