வயிற்றுக் கொழுப்பும் தொடைக் கொழுப்பும்

பெண்களின் உடலமைப்பை ஆப்பிள், பேரிக்காய், மணற்கடிகாரம், செவ்வகம் எனப் பிரிப்பது துணி தைப்பவர்களுக்குப் பயன்படும். மருத்துவம் முதல் இரண்டைத்தான் பெரிதும் பொருட்படுத்துகிறது. கொழுப்பு உடலில் எங்கே சேர்கிறது என்பதைப் பொறுத்து நோயும் மாறுவதை 1947-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் எடுத்துக்காட்டினார்.

பேரிக்காய் உடலமைப்பில் தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பால் தீங்கு குறைவு. ஆப்பிள் உடலமைப்பில் வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிவதுதான் ஆபத்து. இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போய், சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அது வழிவகுக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், பேரிக்காய் உடலமைப்பு உள்ளவர்களுக்கும் வயிறு போடத் தொடங்குகிறது.

வயிற்றுச் சுற்றளவை அளப்பது எளிது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை இறுக்காமல் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் பார்க்க வேண்டும்; வயிற்றை எக்கக் கூடாது. தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. எடை சரியாக இருப்பவர்களும் இதைத் தாண்டியிருக்கக்கூடும்.

வடிவத்துக்கொரு உணவுப் பட்டியல் என்று விற்கப்படுபவற்றை நம்பத் தேவையில்லை. வயிற்றுக்கான பயிற்சிகள் தசையை வலுவாக்கும்; அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்காது. சோற்றைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், கீரையைக் கூட்டுவதும், வாரம் 150 நிமிட வேக நடையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் எல்லா உடலமைப்புக்கும் பொருந்தும். 80 செ.மீ.யைத் தாண்டியவர்கள் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தள்ளிப்போடாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.