பையன் ஒப்பிக்கிறான், படிக்கத் தெரியவில்லையே!

ஒலியைப் பிடித்தால் எழுத்து வசமாகும்

"அ, ஆ, இ, ஈ" என்று பையன் கடகடவென்று ஒப்பிக்கிறான். பெற்றவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால், கடைப் பலகையில் உள்ள "அரிசி" என்ற சொல்லைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால் விழிக்கிறான்!

பல வீடுகளில் இதுதான் கதை. பிள்ளை மந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் கற்றது பாட்டு, எழுத்து அல்ல.

மூன்றாம் வகுப்புக்கு மேலே எல்லாப் பாடத்தையும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாசிக்க வராத பிள்ளைக்குக் கணக்கும் வராது. கேள்வி என்ன என்றே புரியாதே!

2020-ம் ஆண்டில் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் பின்தங்கினார்கள். அதை ஈடுகட்டத்தான் 2022-ல் தமிழ்நாடு அரசு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் தொடங்கியது. பள்ளியில் நடப்பதற்கு வீடும் துணை நிற்க வேண்டும்.

பெயர் வேறு, ஒலி வேறு

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் "ஆனா, ஆவன்னா" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவை எழுத்துக்களின் பெயர்கள். வாசிப்பதற்கு வேண்டியது பெயர் அல்ல, ஒலி!

மெய்யெழுத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. "ல்" என்ற எழுத்தை "இல்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். வாய்க்கு வசதியாக ஓர் "இ" சேர்த்துக்கொள்கிறோம். குழந்தையோ "பல்" என்ற சொல்லை "ப-இல்" என்று படித்துவிட்டுத் தவிக்கிறது.

"இ-யை விட்டுவிடு. ப என்று சொல்லி, நாக்கை மேலே ஒட்டி நிறுத்து" என்று சொல்லிப் பாருங்கள். "பல்" என்று பளிச்சென்று வரும்.

மூன்று எழுத்துப் போதும்

தமிழ் எழுத்துக்கள் மொத்தம் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1.

கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால், அந்த 216-ம் புதியவை அல்ல. 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து பிறந்தவைதான்.

எல்லா எழுத்தையும் முடித்த பிறகுதான் சொல் படிக்க வேண்டும் என்பதில்லை. ட, ப, ம ஆகிய மூன்றை முதலில் பழக்குங்கள். புள்ளி வைக்கவும் சொல்லிக் கொடுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று 4 சொற்கள் கிடைத்துவிட்டன!

அடுத்து, துணைக்கால். பாடம், மாடம், மாமா, பாப்பா வந்துவிடும். பிறகு "அ" சேருங்கள். அம்மா, அப்பா, அப்பம்! தானே ஒரு சொல்லைப் படித்துவிட்ட குழந்தை, அடுத்த சொல்லைத் தானே கேட்கும்.

கண் முந்தும், வாய் பிந்தும்

"கெ, கே, கை" ஆகியவற்றில் பல பிள்ளைகள் இடறுவது உண்டு. காரணம் என்ன?

கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ "க்" என்ற ஒலியை. "கொ, கோ" ஆகியவற்றில் இரண்டு பக்கமும் குறி இருக்கிறது. "க்-எ-கெ" என்று மெதுவாகச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம், அதட்டவும் வேண்டாம்.

இங்கிலீஷிலும் இதே வழிதான்

"சி, ஏ, டி" என்று எழுத்தின் பெயரைச் சொன்னால், "கேட்" என்ற பூனை எப்படி வரும்? ஒலியைச் சொன்னால்தான் வரும். இங்கிலீஷில் எழுத்து 26. ஒலியோ ஏறக்குறைய 44. அதனால் தொல்லை அதிகம்.

இங்கிலாந்து நாட்டில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் 40 சொற்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அவற்றில் பாதி, பொருளே இல்லாத பொய்ச் சொற்கள்! மனப்பாடமாகச் சொல்கிறார்களா, ஒலி கூட்டிப் படிக்கிறார்களா என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

குழம்பா, குளம்பா?

"அம்மா வைத்த குளம்பு" என்று பிள்ளை எழுதினால் சிரிப்பு வரும். குளம்பு மாட்டின் காலில் இருப்பது! "பள்ளி" என்பதை "பல்லி" என்று எழுதினால், பாடம் நடக்கும் இடம் சுவரில் ஊரும்.

இதற்கு மருந்து நாக்கில் இருக்கிறது. "ல" சொல்லும்போது நாக்கு நுனி மேல் பல்லின் அடியைத் தொடும். "ள" சொல்லும்போது வளைந்து மேலண்ணத்தைத் தொடும். "ழ" சொல்லும்போது வளையும், ஆனால் தொடாது. சரியாகச் சொல்லும் பிள்ளை சரியாக எழுதும்.

மூன்று "ன"கரத்துக்கும் ஒரு சுலப வழி உண்டு. "த"வுக்கு முன்னால் "ந்": பந்து. "ட"வுக்கு முன்னால் "ண்": வண்டி. "ற"வுக்கு முன்னால் "ன்": கன்று.

தினமும் கால் மணி நேரம்

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற தாய்மார்களும் சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளையோடு சேர்ந்து தாமும் தேறலாம்.

பஸ்ஸின் பெயர்ப் பலகை, தீப்பெட்டி, மளிகைப் பொட்டலம் எல்லாமே பாடப் புத்தகம்தான். இன்றைக்கு மூன்று எழுத்தில் தொடங்குங்கள்.