அரசியலும் சமுதாயப் பிரிவினையும்

ஒரு நாட்டு மக்களிடையே காணப்படும் பிரிவுகள் யாவும் இயற்கையாய் அமைந்தனவே என்று கருதுவோர் பலர். மொழி, சமயம், குலம், வாழிடம் என்பன மக்களை வேறுபடுத்துகின்றன என்பது உண்மையே. ஆயினும் வேறுபாடு வேறு, பிரிவினை வேறு. ஒருவன் ஒரே வேளையில் ஒரு மொழி பேசுவோனாகவும், ஒரு சமயத்தைச் சார்ந்தோனாகவும், ஒரு தொழில் செய்வோனாகவும், ஓர் ஊரானாகவும் வாழ்கின்றான். இவற்றுள் எதனை நோக்கி அவனுக்கு வாக்கும் காணியும் கல்வியும் பதவியும் அளிப்பது, எதனை நோக்கி அவற்றை மறுப்பது என்பதை ஆட்சியே தீர்மானிக்கின்றது. அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பட்ட வேறுபாடே காலப்போக்கில் பிரிவினையாய் இறுகிவிடுகின்றது.

இக்கருத்தை ஆராய்தற்கு வன்னிப் பெருநிலத்துத் தண்ணீரூற்று தக்கதோர் உரைகல்லாகும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவழியில், முள்ளியவளையை அடுத்து அமைந்துள்ளது இவ்வூர். இங்கும் அயலிலும் இந்துக்களும் இசுலாமியரும் நெடுங்காலமாக அயலவராய் வாழ்ந்துள்ளனர். இரு சாராரின் தாய்மொழியும் தமிழே. இருவரும் ஒரே மழையை எதிர்நோக்குவோர். ஒரே சந்தையில் கூடுவோர். எனினும், 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் இவர்களுள் ஒரு சாரார் மட்டும் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஒரு மொழி பேசிய அயலவர் இரு வேறு இனத்தவராய்க் கணிக்கப்பட்ட வரலாற்றை அறியாமல் அந்நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ளல் இயலாது.

அவ்வரலாறு பெரும்பாலும் ஆட்சிமுறையின் வரலாறேயாகும். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவருக்கு இடமளிக்கப்பட்டது. ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர் என இவ்விடங்கள் இனவாரியாகப் பங்கிடப்பட்டன. 1889இல் மலைநாட்டுச் சிங்களவருக்கும் முசிலிம்களுக்கும் தனித்தனி இடம் வழங்கப்பட்டது. பிரதிநிதித்துவம் இனத்தின் பெயரால் கிடைக்குமாயின், தம்மைத் தனியினமென நிலைநாட்டுவது ஒவ்வொரு சாராருக்கும் அவசியமாகின்றது. பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் பெரும்பாலும் தமிழினத்தைச் சேர்ந்தவரே என 1888இல் வாதித்தார். அதனை மறுத்து, சோனகர் அரபு வழியினரெனக் காட்டி ஐ. எல். எம். அப்துல் அசீசு 1907இல் நூலெழுதினார். வெளித்தோற்றத்தில் இது இனவியல் ஆராய்ச்சி. உள்ளுறையில் சட்டநிரூபண சபையில் யாருக்காக யார் பேசுவது என்னும் அரசியல் வினாவேயாகும்.

தேர்தல் முறை மாறினால் மக்கள் அணிசேரும் முறையும் மாறும் என்பதற்கும் சான்றுண்டு. 1911இல், படித்த இலங்கையருக்கென முதன்முறையாக ஒரு தேர்தல் ஆசனம் ஏற்படுத்தப்பட்டது. வாக்காளருள் சிங்களவரே மிகுதியாயிருந்தும், மார்க்கசு பெர்னாந்து என்னும் சிங்களப் பெருமகனை வென்று இராமநாதனே தெரிவானார். இதனை முற்றிலும் பரந்த மனப்பான்மையின் வெற்றியெனக் கொள்ளுதல் பொருந்தாது. சிங்களவரிடையே நிலவிய சாதிப்போட்டியும் அவருக்குத் துணைநின்றது. எனினும் இனம் என்னும் கோடு அன்று ஏனைய கோடுகளை அழித்துவிடவில்லை என்பது தெளிவு. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவராய் அமர்ந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். மேல்மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவது பற்றிய பிணக்கினால் அவரே சிறிது காலத்துள் அதனை விட்டு விலக நேர்ந்தது. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கிச் சர்வசன வாக்குரிமையை அளித்தது. எளியோரும் பெண்டிரும் வாக்குப்பெற்றமை பெருநன்மையே. ஆயின் எண்ணிக்கையிற் சிறியோருக்குப் போதிய காப்பில்லாத இடத்தில், பெரும்பான்மையின் உணர்ச்சியைத் தூண்டுவதே பதவிக்குக் குறுக்குவழியாயிற்று.

சுதந்திரத்தின்பின் இவ்வழி மேலும் அகன்றது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரைப் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் அற்றவராக்கின. இவ்விடயத்திற் கருத்து வேறுபட்டே தமிழ்க் காங்கிரசு பிளவுற, 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றியது. 1956ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாத்திரி ஒப்பந்தம், 975,000 மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியரென வகுத்து, எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்மானிக்க விட்டுவைத்தது. ஒரே குடும்பத்தாரும் இக்கணக்கினால் இரு நாட்டவராயினர். நாடற்றோர் நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெரும்பாலும் தீர்ந்தது.

இச்சட்டங்களின் நிழல் வன்னியிலும் வீழ்ந்தது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலைநாட்டுத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறினர். அவர்கள் பேசியது தமிழ். வழிபட்டவை முருகனும் மாரியம்மனும். அவ்வாறிருந்தும் காணி உறுதியின்றிக் கூலிக்காரராய் வாழ்ந்தோர் அவருட் பலர். அயலவரால் ‘தோட்டக்காட்டார்’ என்று இழித்துரைக்கப்பட்டோரும் உளர். அரசு வகுத்த தாழ்வை, அவ்வரசினால் தாமும் வருந்திய மக்களே தம்மினும் எளியோர்மீது சுமத்தினர் என்பது நினைந்து வருந்துதற்குரியது.

ஆட்சியின் கொள்கை பிரிக்க மட்டுமே வல்லது என்று முடிவுசெய்தலும் தவறு. பிறப்பின் பெயரால் தேநீர்க் கடைகளிலும் பொதுவிடங்களிலும் மக்களை விலக்குவதை 1957ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில்வாயிலில் நிகழ்ந்த போராட்டம், சட்டத்தை ஏட்டிலிருந்து வாழ்வுக்குக் கொணர மக்கள் முயற்சியும் வேண்டும் என்பதைக் காட்டிற்று. கல்வித்துறை தரும் பாடம் இன்னும் நுட்பமானது. 1970களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகம் புகுதற்கு மொழிவாரியாக வேறுபட்ட புள்ளிகள் வகுக்கப்பட்டமை தமிழ் இளைஞர் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடோ, யாழ்ப்பாணத்து மாணவர்க்கு இழப்பாய்த் தோன்றிய போதிலும், நல்ல பாடசாலைகள் அரிதான வன்னி மாணவர்க்கு ஒரு வாயிலைத் திறந்தது. முன்னையது பேசும் மொழியை அளவுகோலாக்கியது. பின்னையது வாழிடத்தின் குறையை அளவுகோலாக்கியது. சலுகை ஒன்றே போலத் தோன்றினும் அளவுகோல் மாறும்போது விளைவும் மாறுகின்றது.

இனித் தண்ணீரூற்றுக்கு மீளலாம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முசிலிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். எழுபதினாயிரம் பேரளவில் வீடும் பொருளும் இழந்து சென்றனர். அவர்களுட் பலர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். தண்ணீரூற்று முசிலிம்களும் அவ்வாறே நீங்கினர். கட்டளையிட்டது கொழும்பு அரசன்று. தமிழரின் உரிமைக்காகப் போராடுவதாகக் கூறிய இயக்கம். ஆயினும் முறை ஒன்றே. ஒரு மனிதனின் பல அடையாளங்களுள் ஒன்றை மட்டும் எடுத்து, அதனைக் கொண்டே அவனுடைய வாழ்வுரிமையை அளந்த முறை அது. அதிகாரம் எவர் கையிலிருப்பினும் இத்தவறு நேரக்கூடும். 2009இற் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் மீண்டனர். அவர்தம் பிள்ளைகள் வேற்றூரிற் பிறந்து வளர்ந்து பெருகியிருந்தனர். போரினால் வீடிழந்த இந்துக்களும் அதே காலத்தில் மீண்டுகொண்டிருந்தனர். காணிப் பங்கீடு மீண்டும் இன எண்ணிக்கையைப் பற்றிய அச்சமாய் உருவெடுத்தது.

இவ்வச்சத்தைத் தீர்க்கும் வழியும் மேற்கூறியவற்றுள்ளேயே உண்டு. இவன் எவ்வினத்தவன் என வினவும் ஆட்சி பிரிவினையை வளர்க்கும்; இவன் எதனை இழந்தான், இவனுக்கு எது குறை என வினவும் ஆட்சி அதனைத் தணிக்கும். மொழியும் சமயமும் மறைய வேண்டியதில்லை. அவை உரிமையை அளக்கும் கோலாகாதிருந்தாற் போதும். 1987இல் அரசியற்றிட்டத்தின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. முப்பத்தோராண்டு கழித்து வந்த அத்திருத்தம் அதற்குள் விளைந்த இழப்புகளை மீட்டுத் தரவில்லை. ஆதலின், பிரிவினை இறுகுமுன்னரே அளவுகோலை ஆராய்தல் கற்றோர் கடனாகும். தண்ணீரூற்றின் அயலவர் மீண்டும் அயலவராய் வாழ்வது, மனமாற்றத்தோடு நேரிய கொள்கையும் சேர்ந்தாலன்றிக் கைகூடாது.