கட்டிலருகே கற்பிப்போர்

மருத்துவப் பட்டம் பெற்றபின், ஒரு துறையில் தேர்ச்சியடையும் பொருட்டு மருத்துவமனையிற் பயிற்சிப் பணிபுரிவோரை உறைவிட மருத்துவர் என்பர். அமெரிக்காவிலே, 1889-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் திறக்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் முதலியோர் இம்முறையை நிலைபெறச் செய்தனர். அந்நாளில் அவர்கள் மெய்யாகவே அங்குக் குடியிருந்தனர். இன்று பெயர் மட்டும் நின்றது. (உறக்கமோ அன்றும் இன்றும் அரிதே.)

இவர் தாமும் கற்பவர், இளையோர்க்குக் கற்பிப்பவருமாவர். பேராசிரியர் பகலிற் சிறிது நேரம் வந்து செல்வர். நள்ளிரவில் நோயாளியின் கட்டிலருகே மாணவனோடு நிற்பவர் இவரே. மகனை இழந்த தாயிடம் அச்செய்தியை எங்ஙனம் கூறுவது, நோயாளியைக் கட்டில் எண்ணால் அழைப்பதா பெயரால் அழைப்பதா என்பனவற்றை மாணவன் நூலிற் காண்பதில்லை. இவரைப் பார்த்தே பழகுகின்றான். இவர் சினந்தால் அச்சினமும் பாடமாகிவிடுகின்றது.

இதனைக் கருதியே, 1988-இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற ஆர்னால்டு கோல்டு அறநிலையம், அன்போடு கற்பிக்கும் உறைவிட மருத்துவர்க்குப் பரிசு வழங்க ஏற்பாடு செய்தது. குழந்தை மருத்துவம், அறுவை மருத்துவம், மனநோய் மருத்துவம் எனத் துறை வேற்றுமை இதற்கில்லை. தேர்ந்தெடுப்போர் மாணவர்களே. மாணவர் தேர்வு முகத்துதியாய் முடியுமென்பார் உளர். யாம் அதற்கு உடன்படோம். பேராசிரியர் நிற்கும்பொழுது எல்லோரும் இன்சொல்லினரே. அவர் சென்றபின் நிகழ்வதைக் காண்போர் நோயாளரும் மாணவரும் ஆவர். நோயாளர் வீடு திரும்பிவிடுகின்றனர்.