எந்த வளைவில் சந்திக்கும்?

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. இரண்டு நேரியச் சமன்பாடுகளை வரைபடத்தில் தீர்ப்பது எப்படி என்று புரிந்துகொள்ள இந்தப் பாதையே போதும்.

ஒரு கணக்கு. காலை 8 மணிக்கு அடிவாரத்திலிருந்து பேருந்து ஏறத் தொடங்குகிறது. 5 நிமிடத்துக்கு 4 வளைவு. அதே 8 மணிக்கு 70ஆம் வளைவிலிருந்து ஒரு ஜீப் இறங்குகிறது. 5 நிமிடத்துக்கு 6 வளைவு. இரண்டும் எப்போது, எங்கே எதிர்ப்படும்? (வேகங்கள் கணக்குக்காக நான் வைத்தவை. வளைவுகளுக்கு இடையிலான தூரமும் உண்மையில் ஒரே அளவு அல்ல. சராசரியாக எடுத்துக்கொள்வோம்.)

பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது கோடு போடுவதில் அல்ல, அதற்கு முன்னால். ‘எக்ஸ் என்பது பேருந்து, ஒய் என்பது ஜீப்’ என்று எழுதிவிடுவார்கள். பேருந்து ஓர் எண் அல்ல; அதைக் கூட்டவோ பெருக்கவோ முடியாது. தெரியாத எண்கள் எவை என்று கேட்க வேண்டும். இங்கே ஒன்று, 8 மணிக்குப் பிறகு கழிந்த நிமிடங்கள்: ‘நி’. மற்றொன்று, வண்டி நிற்கும் வளைவின் எண்: ‘வ’. இதை ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

பேருந்து நிமிடத்துக்கு 0.8 வளைவு ஏறுகிறது: வ = 0.8 நி. ஜீப் 70இல் தொடங்கி நிமிடத்துக்கு 1.2 வளைவு இறங்குகிறது: வ = 70 − 1.2 நி.

இனி வரைபடத்தாள். கிடை அச்சில் நிமிடம், குத்து அச்சில் வளைவு. இரண்டிலும் அளவுத்திட்டம் 1 செ.மீ. = 10 அலகுகள். அப்போது ஒரு மில்லிமீட்டர் கட்டம் ஒரு நிமிடம் அல்லது ஒரு வளைவு. விடையைக் கண்ணாலேயே படித்துவிடலாம். நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும் என்றாலும் அவை தள்ளித் தள்ளி இருக்கட்டும். அருகருகே இருந்தால் பென்சில் முனை சற்றுப் பிசகினாலும் கோடு தூரத்தில் வெகுவாக விலகிவிடும். பேருந்துக்கு (0, 0), (50, 40). ஜீப்புக்கு (0, 70), (50, 10). மூன்றாவதாக ஒரு புள்ளி குறித்து, கோடு அதன் வழியே போகிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம்: 25ஆவது நிமிடத்தில் பேருந்து 20இல், ஜீப் 40இல்.

இரண்டு கோடுகளும் (35, 28)இல் வெட்டுகின்றன. ஏன் அதுவே விடை? பேருந்தின் கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் பேருந்தைப் பற்றி உண்மை சொல்கிறது. ஜீப்பின் கோடு ஜீப்பைப் பற்றி. இரண்டுக்கும் பொதுவான ஒரே இடம் வெட்டும் புள்ளி. ஆக, 8.35க்கு 28ஆம் வளைவில். சரிபார்க்கும்போது சமன்பாட்டுக்குப் போகாமல் கணக்கின் சொற்களுக்கே திரும்புங்கள், சமன்பாட்டையே தவறாக எழுதியிருக்கலாம் அல்லவா? 35 நிமிடம் என்பது ஏழு ஐந்து நிமிடங்கள். பேருந்து 28 வளைவு ஏறியிருக்கும், ஜீப் 42 வளைவு இறங்கியிருக்கும். 70 − 42 = 28.

ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல் முறைகளும் உண்டு. அவை விரைவானவை. ஆனால் வரைபடம் காட்டுவதை அவை காட்டா. ஜீப் 5 நிமிடம் தாமதமாகக் கிளம்பினால்? அதன் கோடு சாய்வு மாறாமல் அரை செ.மீ. வலப்பக்கம் நகரும், வெட்டும் புள்ளி பேருந்தின் கோட்டின் மீதே மேலேறி 38ஆவது நிமிடத்துக்கு வரும். வளைவு 30.4, அதாவது 30ஐத் தாண்டி 31க்குள். தாளில் அந்த 0.4ஐத் துல்லியமாகப் படிப்பது கடினம். அங்கேதான் நீக்கல் முறை கைகொடுக்கும்.

அதே வேகத்தில் 15 நிமிடம் கழித்து இன்னொரு பேருந்து ஏறினால் இரண்டு இணைகோடுகள் கிடைக்கும். பின்னது முன்னதை எட்டவே எட்டாது, தீர்வு இல்லை.

சந்தைக் கணக்கில் கோடுகளின் தோற்றம் வேறு. சாமையும் தினையும் சேர்ந்து 10 கிலோ. சாமை கிலோ 80 ரூபாய், தினை 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 720 ரூபாய். சாமை கிடை அச்சில், தினை குத்து அச்சில். இங்கே அட்டவணை வேண்டாம். எல்லாமே சாமை என்றால் எவ்வளவு, எல்லாமே தினை என்றால் எவ்வளவு என்று கேட்டால் அச்சுகளில் புள்ளிகள் தாமாகவே விழும். எடைக்கு (10, 0), (0, 10). பணத்துக்கு (9, 0), (0, 12). கோடுகள் (6, 4)இல் வெட்டும்: சாமை 6 கிலோ, தினை 4 கிலோ.

நேரம் ஓர் அச்சு, இடம் ஓர் அச்சு என்ற முதல் படம் ரயில்வேக்கு வெகுகாலமாகப் பழக்கமானது. பாரிஸ்–லியோன் ரயில்களின் கால அட்டவணையை இப்படிச் சாய்கோடுகளாகக் காட்டும் படத்தை எத்தியேன் ஜூல் மாரே 1885இல் தன் நூலில் வெளியிட்டார். நம் ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளிலும் வண்டிகளின் ஓட்டத்தை இதே முறையில் வரைந்து கவனிப்பார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் ரயில்களின் கோடுகள் ஏதாவதொரு நிலையத்தில்தான் வெட்ட வேண்டும். நடுவழியில் வெட்டும் என்று தெரிந்தால், ஒரு ரயிலை முன்கூட்டியே ஒரு நிலையத்தில் நிறுத்துவார்கள். நிற்கும் நேரம் முழுவதும் அதன் கோடு படுக்கையாகப் போகும்.