புதுமேனி கொள்ளும் தாரு பிரம்மம்

கல்லிலும் பஞ்சலோகத்திலும் அமைந்த திருமேனிகளைத் தரிசித்துப் பழகியவர்கள் நாம். பூரி க்ஷேத்திரத்தில் ரத்தின சிம்மாசனத்தின் மீது எழுந்தருளியிருக்கும் ஜகந்நாதப் பெருமானைக் காணும்போது நமக்கு முதலில் தோன்றுவது வியப்பே. வட்ட வடிவான பெரிய விழிகள், விரல்கள் இன்றி முன்னோக்கி நீண்ட கரங்கள், பாதங்களும் இல்லை. அருகில் வெண்ணிறத்தில் அண்ணன் பலபத்திரர், மஞ்சள் நிறத்தில் தங்கை சுபத்திரை, தூண் வடிவில் சுதர்சனர். நால்வரின் திருமேனியும் வேப்ப மரத்தால் ஆனது. அதனாலேயே பெருமானைத் 'தாரு பிரம்மம்' என்று போற்றுகின்றனர். தாரு என்றால் மரம்.

சோழர் குலப் பெண்ணின் வயிற்றில் பிறந்த கங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன் 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இவ்வாலயம் முழுவதும் கல்லால் எழுந்தது. கோயில் கல்லாக இருக்க, கோயில் கொண்டவர் மட்டும் உளுத்துப்போகும் மரத்தை ஏன் விரும்பினார்? இக்கேள்விக்கு விடை, நவகளேபரம் என்னும் அரிய வைபவத்தில் இருக்கிறது.

'களேபரம்' என்ற சொல்லை இன்று நாம் குழப்பம், கூச்சல் என்ற பொருளில் வழங்குகிறோம். வடமொழியில் அதன் பொருள் உடல். நவகளேபரம் என்றால் புதிய உடல். பெருமான் பழைய திருமேனியைக் களைந்து புதிய திருமேனியை ஏற்கும் விழா இது.

முற்றுப்பெறாத திருவுரு

ஸ்தல புராணம் கூறுவது இது. இந்திரத்யும்ன மன்னனுக்குக் கடலில் மிதந்து வந்த தெய்விக மரம் ஒன்று கிடைத்தது. அதில் திருவுருவம் வடிக்கக் கிழத் தச்சர் ஒருவர் வந்தார். இருபத்தொரு நாட்கள் கதவைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. உள்ளே உளியோசை கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் அது நின்றுபோயிற்று. கிழவருக்கு என்ன நேர்ந்ததோ என்று கலங்கிய அரசி குண்டிசா, கதவைத் திறக்கச் செய்தாள். தச்சரைக் காணவில்லை. பாதியில் நின்ற திருவுருவங்களே இருந்தன. வந்தவர் விசுவகர்மா என்பதை அப்போதுதான் உணர்ந்தனர். அந்த முற்றுப்பெறாத உருவையே பெருமான் தமது உருவாக ஏற்றுக்கொண்டார். இன்றும் ஒவ்வொரு முறையும் அவ்வாறே வடிக்கின்றனர்.

இரண்டு ஆஷாடம் வரும் ஆண்டு

சந்திரனைக் கொண்டு கணிக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். சூரியனைக் கொண்டு கணிக்கும் ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. அக்குறையை ஈடுசெய்ய அவ்வப்போது ஓர் அதிக மாதம் சேர்க்கப்படுகிறது. அந்த அதிக மாதம் ஆஷாடமாக அமையும் ஆண்டில்தான் நவகளேபரம் நடைபெறும். 8, 12 அல்லது 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது வாய்க்கும். சென்ற நூற்றாண்டில் 1912, 1931, 1950, 1969, 1977, 1996 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றது. இந்நூற்றாண்டின் முதல் நவகளேபரம் 2015-இல் நிகழ்ந்தது.

தாருவைத் தேடி

சைத்ர மாத வளர்பிறைத் தசமியன்று, மரத்தைத் தேடும் வனயாக யாத்திரை ஆலயத்திலிருந்து புறப்படும். இதில் முதலிடம் தைத்தாபதிகளுக்கு. பெருமானை நீலமாதவனாகக் காட்டில் முதலில் வழிபட்ட சபர குலத் தலைவன் விசுவாவசுவின் வழிவந்தவர்கள் இவர்கள். தாங்கள் பெருமானின் உறவினர் என்பதே இவர்களுடைய நம்பிக்கை. விசுவாவசுவின் மகளை மணந்த அந்தணர் வித்யாபதியின் வழியினரும், மரத்தில் உளி வைக்கும் விசுவகர்மக் குலத்தினரும் உடன் செல்வர்.

நடந்தே காகட்பூர் சென்று, பிராசி நதிக்கரையில் உள்ள மங்களா தேவியை வணங்கி, அங்கே தங்குவர். மரம் இருக்கும் திசையைத் தேவி கனவில் உணர்த்துவாள் என்பது ஐதிகம். பிறகு ஊர் ஊராகத் தேடல் தொடரும். எந்த வேம்பும் பொருந்திவிடாது. ஜகந்நாதருக்குரிய தாரு கருமை படர்ந்திருக்க வேண்டும். நான்கு பெருங்கிளைகள் வேண்டும். பறவைக் கூடு இருத்தல் ஆகாது. அடியில் பாம்புப் புற்றும், அருகில் நீர்நிலையும் மயானமும் இருத்தல் வேண்டும். அடிமரத்தில் சங்கு, சக்கரக் குறிகள் தென்பட வேண்டும். 2015-இல் ஜகத்சிங்பூர் மாவட்டத்துக் கரிபடியா கிராமத்தில் பெருமானின் தாரு கண்டறியப்பட்டது.

நம் ஊர்களில் மாரியம்மனை நினைவூட்டும் வேம்புக்கு அங்கே செய்யப்படும் மரியாதை நெஞ்சை நெகிழச் செய்வது. மரத்தடியில் யாகம் நடத்திய பிறகே வெட்டத் தொடங்குவர். பொற்கோடரியாலும் வெள்ளிக் கோடரியாலும் மரத்தைத் தொட்ட பின்னரே இரும்புக் கோடரி அதன் மீது படும். எஞ்சிய கிளைகளையும் இலைகளையும் அங்கேயே மண்ணில் புதைத்துவிடுவர். தாரு, புதிதாகச் செய்த மரவண்டியில் ஏற்றப்பட்டு, அடியார்கள் இழுக்க, ஊர்தோறும் வரவேற்புப் பெற்றுப் பூரி வந்து சேரும்.

யாரும் காணாத சிற்பம்

ஜேஷ்ட பௌர்ணமியன்று ஸ்நான உற்சவம் முடிந்ததும் மூலவர் தரிசனம் நிறுத்தப்படும். மற்ற ஆண்டுகளில் இது 15 நாட்கள். நவகளேபர ஆண்டில் சுமார் 45 நாட்கள். அந்நாட்களில் பக்தர்கள் பிரம்மகிரியில் உள்ள அலர்நாதரைத் தரிசிப்பர். ஆழ்வார்களின் நாதன் என்பதே அலர்நாத் என்று மருவிற்று என்பாரும் உண்டு.

ஆலயத்தின் வெளிப் பிராகாரத்தில் கோயிலி வைகுண்டம் என்னும் இடம் உள்ளது. விசுவகர்மச் சிற்பிகள் அங்கே, அடைத்த கதவுகளுக்குப் பின்னே, திருமேனிகளை வடிப்பர். உளியோசை யார் செவியிலும் விழாதபடி வெளியே வாத்தியங்கள் ஒலித்துக்கொண்டிருக்கும். அளவு யவக் கணக்கில். யவம் என்பது ஒரு வாற்கோதுமை மணியின் அளவு. ஜகந்நாதரின் உயரம் 84 யவம். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் நால்வரின் திருமேனியும் ஆயத்தமாகிவிடும்.

தேய்பிறைச் சதுர்த்தசி இரவு. பூரி நகரமே விளக்கணைத்துக் காத்திருக்கும். மூத்த தைத்தாபதிகள் கண்களைத் துணியால் கட்டி, கைகளிலும் துணி சுற்றிக்கொண்டு, பழைய திருமேனிக்குள் இருக்கும் 'பிரம்ம பதார்த்தத்தை' எடுத்துப் புதிய திருமேனிக்குள் வைப்பர். அது இன்னதென்று கண்டவர் இல்லை. எடுத்து வைத்தவரும் கண்டதில்லை. நம் ஆலயங்களில் திருப்பணியின்போது பாலாலயம் செய்து, தெய்வ சக்தியை அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்வதை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். உறைவிடம் மாறுகிறது, உறைபவன் மாறுவதில்லை.

விடிவதற்குள் பழைய திருமேனிகள் கோயிலி வைகுண்டத்து மண்ணில் அடக்கம் செய்யப்படும். தைத்தாபதிகள் தந்தையை இழந்த மைந்தர்களைப் போலத் துக்கம் காப்பர். பத்தாம் நாள் மார்க்கண்ட தீர்த்தத்தில் முடியிறக்கி நீராடுவர். பதின்மூன்றாம் நாள் அன்னமிடுவர். பெருமானே புதிய மேனியில் விளங்குகிறார் என்று அறிந்தும், பழைய மேனிக்காக அவர்கள் கண்ணீர் சிந்துகின்றனர். ஞானம் இருந்தாலும் பாசம் பாசம்தானே!

நூலும் குங்கிலியமும்

புதிய தாரு இப்போது எலும்புக்கூடு போன்றது. அதன் மேல் பட்டு நூல்களைச் சுற்றுவர்; அவை நரம்புகள். குங்கிலியத்தை நல்லெண்ணெயுடன் சேர்த்துப் பூசுவர். சந்தனம், கஸ்தூரி, கற்பூரம் சேரும். அவை சதையும் உதிரமும். அரிசிக் கஞ்சியில் தோய்த்த துணிப் பட்டைகளை ஒட்டுவர், அது தோல். இறுதியில் வண்ணம். வெண்மைக்குச் சங்குப் பொடி, செம்மைக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கருமைக்கு விளக்குக் கரி. வண்ணம் தீட்டும் கைங்கர்யமும் ஒரு மரபினருக்கே உரியது.

கல்லும் உலோகமும் அறிந்த நம் சிற்ப மரபுக்கு நூல், பிசின், துணி, கஞ்சி ஆகியவை விந்தையான பொருள்களாகத் தோன்றலாம். ஆனால் நம் உடம்பும் இப்படித்தானே, ஒன்றன்மேல் ஒன்றாக, மெல்லிய பொருள்களால் ஆகியிருக்கிறது? பிறகு 'நவயௌவன' தரிசனம். புத்திளமையோடு பெருமான் காட்சி தருவார். அடுத்து ரத யாத்திரை. 2015-இல் ஜூலை 18 அன்று அது நிகழ்ந்தது. பெருமானின் நந்திகோஷத் தேருக்கு 16 சக்கரங்கள். அதையும் ஆண்டுதோறும் புதிய மரத்தில்தான் செய்கின்றனர்.

அழியும் பொருளின் அருள்

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது வருவோம். கல்லில் வடித்திருந்தால் ஒரு தலைமுறைச் சிற்பியின் பணியோடு கதை முடிந்திருக்கும். பின்வந்தோர் வணங்கியிருப்பர், வடித்திருக்க மாட்டார்கள். மரம் உளுக்கும் என்பதனாலேயே ஒவ்வொரு தலைமுறையும் உளியைக் கையில் எடுக்க நேர்கிறது. இரண்டு வைபவங்களுக்கு இடையே 19 ஆண்டுகள்கூடக் கழிகின்றன. ஒரு சிற்பியின் வாழ்நாளில் இரண்டோ மூன்றோ முறைதான் இந்தப் பேறு. அடைத்த கதவுக்குள் நடக்கும் வேலையை வெளியிலிருந்து பார்த்துக் கற்க இயலாது. முதியவரின் கை வலுவிழப்பதற்குள் இளையவர் அருகில் அமர்ந்து கற்றாக வேண்டும். ஒரு தலைமுறை தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும். இதுவரை அது அறுபடவில்லை என்பதே பெருமானின் அருள்.

நம் இல்லங்களிலும் இத்தகைய செல்வம் உண்டு. விளக்கேற்றும் முறை, விரதம் நோற்கும் முறை, நைவேத்தியம் செய்யும் பக்குவம், பாராயணம் செய்யும் ராகம் ஆகியவை ஏட்டைப் பார்த்து மட்டும் வருவன அல்ல. பேரப் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கையைப் பிடித்துச் சொல்லித் தந்தால்தான் நிலைக்கும். உடலை ஆடைக்கு ஒப்பிட்டுக் கீதையில் அருளிய பெருமான், தாமே அந்த ஆடையை மாற்றிக் காட்டுகிறார். மூப்பும் தளர்ச்சியும் அவர் ஏற்றுக்கொண்ட நியதி என்று அறியும்போது, நம் முதுமை நமக்குப் பாரமாகத் தோன்றாது.

பூரி செல்லும் அன்பர்கள் சந்நிதியில் பெருமானின் இமையா விழிகளைத் தரிசித்த பின், கோயிலி வைகுண்டம் இருக்கும் திசையை நோக்கியும் ஒருமுறை கைகூப்புங்கள். நம் முன்னோர் தரிசித்த திருமேனிகள் அங்கே மண்ணில் துயில்கின்றன. அவர்கள் வணங்கிய பெருமானோ சிம்மாசனத்தில் புதுமேனியோடு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜெய் ஜகந்நாத்!